கண்ணாடி அறையில் ஒரு மணி நேரம்

அது ஏழாவது வாரமா, எட்டாவதா என்று மெய்ஷானுக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் முதியோர் இல்லத்தின் கண்ணாடி அறைக் கதவு பூட்டிக்கொண்ட சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. உள்ளிருந்து திறக்க அவளிடம் அட்டை கிடையாது. ஒரு மணி நேரம் கழித்துத் தாதி வந்தால்தான் உண்டு.

எல்லாரும் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடும் முதியவர் ஜுமாட் வழக்கம்போல முன்னதாகவே வந்திருந்தார். எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு, பாக்சிக்."

"நேத்தாச்சும் தூங்கினியா?"

அவள் சிரித்து வைத்தாள். எப்படித் தூங்குவது? "இன்னிக்கும் வெறும் தாளோட வந்தா, இந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான்" என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஓவியச் சிகிச்சைப் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தவர் இவர் ஒருவர்தான். மனைவி இறந்தபிறகு வண்ணக்குச்சி எதையும் கையால் தொடாத மனிதர்; வாராவாரம் அவர் தாள் வெறுமையாகவே இருந்தது.

முதல் நாள் அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வாயெடுத்ததுமே கையமர்த்தியிருந்தார். "தாதி மிஸ்ஸி எல்லாம் சொல்லிட்டா. நீ பயப்படாம உக்காரு."

கேள்வி கேட்கக் கூடாது, வற்புறுத்தக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து நீயும் வரை என்பதுதான் பாடம். அவள் வரைந்தாள். அவர் வண்ணப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடம். ஐம்பது. குளிர்சாதனம் முனகியது. நான்கு சுவரும் நெருங்கி வருவதுபோல அவளுக்கு இருந்தது. எழுந்து ஓடவும் வழியில்லை.

ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்து பரவியது. அவள் சட்டென்று கையால் மறைத்தாள்.

அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். பச்சை வண்ணக்குச்சியை எடுத்து, ஈரத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். வால் வைத்தார். கண் வைத்தார்.

"பாரு, மீன் ஆயிடுச்சு."

மெய்ஷான் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். வரைந்துவிட்டார்! இந்தப் பருவம் பிழைத்தது.

கதவு திறந்தது. தாதி ரொவீனா எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாக்சிக், இன்னிக்காச்சும் ஏதாவது நடந்துச்சா?"

அவர் வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் மெய்ஷானுக்குக் கேட்டது.

"நீ பாத்துக்கச் சொன்ன பொண்ணு இன்னிக்குத்தான் கண்ணீர் விட்டுச்சு, மிஸ்ஸி. இனிமே தேறிடும்."