மணிக்கு முதல் வழி

வெள்ளம் ஏறிய காலையிலிருந்து அக்கா ஒன்பது முறை அழைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் மணி பிசகாமல் அடித்தது. "அக்கா, மாடிக்கு ஏறிட்டியா?" என்று பெனிட்டா கத்திக் கத்திப் பார்த்தாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நெட்வொர்க்கில் நெரிசல் வந்தால் அழைப்பை இணைக்கும் சிக்னலுக்கே முதல் வழி, குரலுக்கு மிச்சம் மீதிதான் என்ற விதியை, தான் வேலை பார்க்கும் செல்போன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் போன வாரம் தன் கையாலேயே போட்டவள் பெனிட்டாதான். போடச் சொன்னவர் மேலாளர் கோதண்டம்.

"குரலுக்கும் கொஞ்சம் வழி விடலாம் சார்" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"எதுக்கும்மா? இந்த மழையிலயும் ஒரு கால்கூட ஃபெயில் ஆகல. எல்லாமே கனெக்ட் ஆகுது பாரு." சுவர்த்திரையில் ஏறிக்கொண்டிருந்த, இணைந்த அழைப்புகளின் எண்ணிக்கையை அவர் பெருமையாகக் காட்டினார்.

மதியம் வரை காத்திருந்தும் பத்தாவது அழைப்பு வரவில்லை.

பெனிட்டா எழுந்துபோய் அவர் மேஜைக்கு எதிரே நின்று, அவருடைய எண்ணை அழைத்தாள். அவர் எடுத்தார். "ஹலோ. என்னம்மா, எதிர்லதான நிக்கிற? சொல்லு."

அவள் அவர் கண்ணையே பார்த்தபடி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவர் வைத்தார். அவள் மறுபடி அழைத்தாள். மறுபடியும் எடுத்தார்.

சுவரில் எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடியது.