ஒற்றை மரக் காடு

"ஒத்தை மரத்தைப் போயிக் காடுங்கறீங்களேக்கா, கேக்கறவன் சிரிக்க மாட்டானா?"

மரம் அறுக்கும் மிஷினைத் தோளில் தொங்கவிட்டபடி கேட்டான் லிங்கப்பன். மைசூர் ரிங் ரோட்டோரம், வடிவின் டீக்கடைக்கு மேலே கிளை விரித்து நின்றது அந்தப் புங்கமரம். அடிமரத்தில் புதிதாக ஒரு தகரப் பலகை. கன்னட எழுத்து: 'பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி. மரம் வெட்டினால் சிறை. ஹாரன் அடிக்காதீர்.'

"நான் எங்க சொன்னேன், போர்டு சொல்லுது" என்றாள் வடிவு, டீயை ஆற்றிக்கொண்டே. "காடுன்னா இத்தனை மரம் இருக்கோணும்னு அதுல போட்டிருக்குதா?"

"செரி, காட்டு மிருகம் எங்க?"

பெஞ்சுக்கு அடியில் தூங்கிய நாயைக் காலால் தட்டினாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

லாரியில் காத்திருந்த டிரைவர் கெம்பையன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான்.

"யோவ், காட்டுக்குள்ள என்ன ஹாரன்?" என்று அதட்டினாள் வடிவு.

கெம்பையன் எட்டிப் பார்த்துப் போர்டைப் படித்தான். சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"ஏதுங்க்கா இந்தப் போர்டு?" என்றான் லிங்கப்பன்.

"எப்படியோ வந்துச்சு. நிழல் போனா என் கடை போச்சு தம்பி. வெயில்ல நின்னுட்டு எவன் டீ குடிப்பான்?"

லிங்கப்பன் தகரத்தைச் சுண்டிப் பார்த்தான். சர்க்கார் முத்திரை, அசல்.

"போர்டு வெச்ச எடத்துல ஒருக்கா வெட்டிட்டு மூணு மாசம் உள்ள கெடந்தேன். இனித் தொடறதில்லைன்னு மாதேஸ்வரன் மேல சத்தியம் பண்ணியிருக்கறனுங்க. நெசக் காடோ பொய்க் காடோ, எனக்கெதுக்கு வம்பு."

வடிவுக்கு மனசு குளிர்ந்தது. ஒரு டீயை அவனிடம் நீட்டினாள்.

"வெறும் லாரியோட போனா மில்லுக்காரன் சும்மா விடுவானா?"

"வேற எடம் பாத்தாச்சுங்க்கா. ராமாபுரம் பக்கம், மலையடிவாரத்துல. அத்தனையும் பெரிய பெரிய மரம். போன வாரம் வரைக்கும் போர்டு இருந்துச்சு, பயந்துட்டுக் கிட்டயே போகல. இப்பப் போர்டைக் காணோம். போர்டு இல்லாதது எப்படிங்க காடாகும்?"

லாரி கிளம்பிப் போனது. வடிவு ஆற்றிய டீ டம்ளருக்கு வெளியே விழுந்தது.

போன வாரம் ராமாபுரத்து அம்மா வீட்டிலிருந்து திரும்பியபோது, பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் அவளுக்கு டிக்கெட் இல்லை. சாக்கில் சுற்றிய அந்தப் போர்டுக்குத்தான் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டான்.