வண்டிக்கு வந்த திட்டு

“என்னடா இது, வண்டி மூஞ்சியில கிணத்து ராட்டினம் மாதிரி?”

வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்துக் கேட்டார் வெங்கட்ராகவன்.

“வின்ச் அண்ணா. சேத்துல மாட்டிண்டா இந்தக் கம்பியை ஒரு மரத்துல கட்டிட்டு சுவிட்சைப் போட்டாப் போறும். வண்டி தன்னைத்தானே இழுத்துண்டு வெளியில வந்துடும்” என்றார் தம்பி சௌரிராஜன்.

“ஸ்ரீரங்கத்துல, உத்தர வீதியில, ஏதுடா சேறு?”

கீழே குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த மன்சூர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாலக்கரையில் ஜீப் சாமான் கடை வைத்திருப்பவர். ஒரு வருஷமாக இந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துகொண்டிருக்கிறார்.

ஜீப் பழசு. சௌரிராஜன் பாங்கிலிருந்து ரிடையர் ஆகும்வரை ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது கூத்து. முதலில் பல் பல்லாகப் பெரிய டயர். பிறகு, தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு விடுவதற்காக, பானெட் ஓரமாகக் கூரைவரை ஏறும் கறுப்புக் குழாய். அதற்கப்புறம், வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு அடிபடாமலிருக்க இரும்புக் கூண்டு. இப்போது வின்ச்.

“ரிடையர்மென்ட் பைத்தியம்” என்று தெருவே பேசியது.

வைஜயந்தி காபியோடு வந்தாள்.

“நீயாவது உன் ஆம்படையானுக்கு எடுத்துச் சொல்லப்படாதாம்மா?”

“அண்ணா, அது வந்து… நிஜத்துல…”

“நீ உள்ள போ வைஜயந்தி” என்று வெட்டினார் சௌரிராஜன். “இது எனக்கும் அண்ணாவுக்கும் நடக்கற பேச்சு.”

அவள் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வெங்கட்ராகவனுக்குச் சுரீரென்றது. “அவளைப் பேசக்கூட விட மாட்டியோ? பாவம்டா அவ. இத்தனை வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணினதுக்கு ஒரு பத்ரி யாத்திரை அழைச்சுண்டு போனியா? இரும்பா வாங்கிக் குவிக்கறே!”

சௌரிராஜன் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

“மண்ணச்சநல்லூர்ல மருதைன்னு ஒருத்தர், ரைஸ் மில் வெச்சிருக்கார். இந்த வண்டியை வாங்கிக்கறேங்கறார். ஞாயித்துக்கிழமை அழைச்சுண்டு வரேன். சாவியைக் குடுத்துடு.”

அண்ணா கிழித்த கோட்டைத் தாண்டியே பழக்கமில்லாதவர் சௌரிராஜன். அன்றைக்குச் சொன்னார்:

“முடியாது அண்ணா.”

வெங்கட்ராகவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மருதையோடு வந்துவிட்டார். வீடு பூட்டியிருந்தது. ஜீப்பைக் காணோம். போனை யாரும் எடுக்கவில்லை.

“ஐயா, எங்க ஊருப் பக்கம் ஏரியில இன்னிக்கு ஜீப் போட்டி நடக்குதுங்க” என்றார் மருதை. “உங்க தம்பி அங்கதான் போயிருப்பாரு. வாங்க, வண்டி ஓடுறதையும் பாத்த மாதிரி ஆச்சு.”

ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். நடுவில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. இரண்டு ஜீப்புகள் சிக்கிக்கொள்ள, அவற்றை டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அதோ, நம்ம வண்டி!” என்றார் மருதை.

குழாயும் கூண்டுமாக அந்தப் பழைய ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது. பாதிவழியில் அதுவும் மாட்டிக்கொண்டது. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு வானத்துக்குப் பறந்தது.

“ஐயோ ரங்கா!” வெங்கட்ராகவன் கண்ணை மூடிக்கொண்டார்.

மன்சூர் வெறுங்காலோடு சேற்றில் குதித்து, வின்ச் கம்பியை இழுத்துப்போய்க் கரையிலிருந்த கருவேல மரத்தில் மாட்டினார். கம்பி விறைத்தது. ஜீப் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மூக்கைத் தூக்கி, ஒரே எம்பில் கரை ஏறியது.

விசில் காதைப் பிளந்தது. வெங்கட்ராகவனும் தன்னை மறந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

“என் தம்பியாக்கும்!” என்றார் மருதையிடம். “சின்ன வயசுல சைக்கிள்ல ஏறவே நடுங்குவான். இந்த வயசுல என்ன தைரியம் பாருங்கோ!”

“அண்ணா, எப்போ வந்தேள்? காபி சாப்பிடறேளா?”

திரும்பினால், பின்னால் பிளாஸ்க்கோடு சௌரிராஜன். வேஷ்டியில் ஒரு பொட்டு சேறு இல்லை.

“நீ இங்க நிக்கறே… அப்போ அங்க யாருடா?”

ஜீப் கதவு திறந்தது. தலையிலிருந்து கால்வரை சேறாக இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள் வைஜயந்தி.

“மாஷா அல்லாஹ்! கலக்கிட்டீங்க மேடம்!” என்று கத்தினார் மன்சூர்.

வெங்கட்ராகவன் ஜீப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “இவளா? அப்போ வாங்கிப் போட்ட சாமானெல்லாம்…”

“எல்லாம் அவ கேட்டதுதான் அண்ணா. கூண்டு மட்டும் நான் போட்டது. எனக்கு பயம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?”

“மன்னி ஸ்கூட்டர் கத்துக்கறேன்னு நின்னப்போ நீங்க என்ன சொன்னேள்?”

வெங்கட்ராகவன் தலையைச் சொறிந்துகொண்டார்.

“ஐயா, எனக்கு இந்த வண்டி வேணாங்க” என்றார் மருதை. “அது சரியான கையிலதான் இருக்கு.”

வைஜயந்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ அண்ணா. முதல் நாளே உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தேன். இவர்தான் விடலை. ‘வண்டி உனக்கு, திட்டு எனக்கு’ன்னு பாகம் பிரிச்சுட்டார்.”