சித்தீக் நிரப்பிய பெட்ரோல்

கணவன் சித்தீக் இறப்பதற்கு முதல்நாள் நிரப்பிய பெட்ரோல் தீர்ந்துவிடக் கூடாதென்று, ஹஃப்ஸா அந்த ஹைபிரிட் காரைப் பட்டும் படாமல் மிதித்து ஓட்டினாள். மாதக்கணக்காகியும் பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்துச் சீட் காலி. ஆனாலும் அங்கே பெல்ட் போடவில்லையென்று கார் தினமும் கத்தும்.

"நீங்க என்னைக்குத்தான் பெல்ட் போட்டீங்க!" என்பாள், காலிச் சீட்டைப் பார்த்து.

துபாயிலிருந்து லீவில் வந்த மகன், அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டுமென்று திருவாரூர் பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டான்.

"முள்ளு பாதி காட்டுச்சு, ஆனா முழு டேங்க்கும் ஏறிடுச்சு சார்! சொட்டுப் பெட்ரோல் இல்லாம எப்படி ஓட்டுனீங்க?" என்றார் பங்க்காரர்.

"மைலேஜுல எங்கம்மா அத்தாவையே மிஞ்சிட்டாங்க!" என்று மகன் சிரித்தான்.

மறுநாள் ஹஃப்ஸா தனியாகக் கிளம்பினாள். கார் கத்தவில்லை. வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, பக்கத்துச் சீட்டைத் தடவினாள்.

"ஏங்க?"