இரண்டு குவியல்கள்

ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்க்க மதியம் வருவதாகப் போலீஸ் அதிகாரி ஒருவர் போனில் சொன்னார்.

"கோர்ட் உத்தரவு இருக்குங்களா சார்?" என்று கேட்டார் நூலகர் எஸ்தர்.

"நாங்க வர்றதே உத்தரவுதாம்மா."

அந்தக் கிளை நூலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. யார் புத்தகம் எடுத்தாலும் அதன் பெயர் எழுதிய சீட்டை அவருடைய உறுப்பினர் அட்டைக்குள் செருகி மரத்தட்டில் வைப்பதுதான் வழக்கம். புத்தகம் திரும்பியதும் அட்டையும் உரியவர் கைக்குப் போய்விடும். வேறெங்கும் பதிவு இல்லை.

எஸ்தர் போனை வைத்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். அந்தப் புத்தகத்தின் சீட்டும் வந்தது. அது இருந்த அட்டையில் யார் பெயர் என்று அவர் பார்க்கவில்லை.

மதியம் அதிகாரி வந்தபோது மேசையில் அட்டைகள் ஒரு குவியலாகவும் சீட்டுகள் ஒரு குவியலாகவும் கிடந்தன. நடுவில் எஸ்தரின் இரு கைகள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"எது யார்கிட்டன்னே தெரியாம, புத்தகமெல்லாம் எப்படித் திரும்பி வரும்?"

"எடுத்தவங்க கொண்டுவந்து கொடுப்பாங்க சார்."