ஐம்பத்தெட்டு கிலோ

"மல்லாட்டை மூட்டை நிறுக்குற தராசுல நான் ஏறணுமாண்ணே?"

வேர்க்கடலை மண்டித் தராசைக் காட்டிக் கலையரசி கேட்டதும் படகுக் கொட்டகையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். ஹமீத் சிரிக்கவில்லை. துபாயில் இருபது வருஷம் படகுத் துறையில் வேலை பார்த்துவிட்டுக் கோட்டக்குப்பம் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகுப் போட்டிக்கு ஹேண்டிகேப் நம்பர் போடுவது அவர்தான்.

"படகுல ரெண்டு பேர் போறீங்க, ரெண்டு பேர் எடையும் வேணும் தங்கச்சி. கனமான படகு மெதுவாத்தான் வரும். அதுக்குத் தகுந்த மாதிரி உங்க நேரத்துல கொஞ்சம் கழிச்சுக் கொடுப்பேன். அப்பத்தான் உங்க பழைய படகும் அவங்க புதுப் படகும் ஒண்ணா ஓட முடியும்."

"அப்ப எடை கூட இருந்தா எங்களுக்கு லாபமா?"

"லாபம்தான். கிலோவுக்கு ரெண்டு செகண்ட்."

"அந்த லாபமே வேணாம். முந்தாநாள்தான் திண்டிவனத்துல மெடிக்கல் ஷாப் மெஷின்ல ஏறிப் பாத்தேன். ஐம்பத்தெட்டு. எழுதிக்கோங்க."

ஹமீத் அவள் கணவன் புகழேந்தியைப் பார்த்தார். அவன் குனிந்து, ஏற்கெனவே போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தான்.

"அவரை இன்னாத்துக்குப் பாக்குறீங்க? எடை என்னுது."

ஹமீத் எழுதிக்கொண்டார்.

அன்று நாலு செகண்டில் முதலிடம் கைநழுவிப் போனது. தோற்றதற்கு வருத்தமே இல்லாமல், பைக்கில் பின்னால் உட்கார்ந்து திண்டிவனம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள் கலையரசி.

அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று வரவில்லை. டெங்கு. அதற்கடுத்த ஞாயிறு அவள் இல்லை.

ஐந்து மாதம் கழித்துப் புகழேந்தி மறுபடி கடலுக்கு வந்தான். கூட ஆள் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து படகைத் தயார் செய்வான், எல்லோரும் போன பிறகு கட்டிவைப்பான். சுக்கானை ஒரு கையிலும், அவள் பிடித்திருந்த முன்பாய்க் கயிற்றை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு தனியாகவே ஓட்டினான். ஒவ்வொரு வாரமும் கடைசியாக வந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துவிட்டான்.

"எனக்கும் சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது," என்றார் வெங்கடாசலம். விழுப்புரத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், அந்த வருஷம்தான் புதுப் படகு வாங்கியிருந்தார். "கரைக்கு முதல்ல வந்தது நானு. நேரத்தைக் கழிச்சதும் மூணு செகண்ட்ல புகழேந்தி ஜெயிச்சிட்டாரு. ஆனா அவரு தனியா ஓட்டிக்கினு இருக்காரு, கழிவு மட்டும் ரெண்டு பேருக்கு. இது நியாயமாண்ணே?"

ஹமீத் நோட்டைத் திறந்தார். ஒரே வரியில் இருந்தது. புகழேந்தி 74, கலையரசி 58.

"நான் அப்பவே மாத்தியிருக்கணும் தம்பி. மனசு வரல. இப்போ கேட்டுட்டாங்க. இந்தப் பேரை அடிச்சுத்தான் ஆகணும்," என்றார் புகழேந்தியிடம்.

"அடிக்காதீங்கண்ணே."

"ஒருத்தர் போற படகுக்கு ரெண்டு பேரை எப்படி எழுதி வைக்கிறது, நீயே சொல்லு?"

புகழேந்தி படகைக் காட்டினான். "அவ எடை படகுலதான் இருக்குது," என்றான். "தராசை எடுத்துக்கினு வாங்க."

முன்பலகையின் மேல் கலையரசியின் நீல மிதவைச் சட்டை விரித்துக் கட்டியிருந்தது. ஞாபகத்துக்காக வைத்திருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்ததும் கீழே நாலு சின்ன மூட்டைகள் தெரிந்தன. மணல். தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் சுற்றித் தைத்திருந்தான்.

வெங்கடாசலத்தின் குரல் இறங்கிவிட்டது. "இதையா இத்தினி நாளா சுமந்துக்கினு இருந்தீங்க? விடுங்கண்ணே, எடை எல்லாம் வேணாம்."

"போடுங்க சார். நீங்க கேட்டது நியாயம்தான்."

மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார்கள். ஹமீத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"தம்பி, அறுபத்தொண்ணு காட்டுதே. நோட்டுல இருக்கிறதைவிட மூணு கிலோ கூட. மணல் ஈரமா?"

"காஞ்ச மணல்தாண்ணே."

புகழேந்தி பர்ஸிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து நீட்டினான். திண்டிவனம் மெடிக்கல் ஷாப் மெஷின் துப்பிய சீட்டு. தேதி அந்தக் கடைசிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால். அதிலும் அறுபத்தொன்று.

ஹமீத் மனக்கணக்குப் போட்டார். "மூணு கிலோ, ஆறு செகண்ட். நாலு செகண்ட்லதானே அன்னிக்குத் தோத்தீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா அன்னிக்கு நீங்கதானேம்மா முதல்ல," என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார். "அறுபத்தொண்ணுன்னே திருத்திடறேன் தம்பி. உனக்கும் கழிவு கூடும்."

"வேணாண்ணே. அது உங்க நோட்டுல ஏறிச்சுன்னா என்கூடப் பேசமாட்டா."

ஹமீத் பேனாவை மூடினார். நோட்டில் இன்றைக்கும் அவள் ஐம்பத்தெட்டு கிலோதான்.