நான்காவது போல்ட்

லிங்கநகரில் சிவாஜினியின் படுக்கையறைச் சுவர் சீமெந்துக் கல்லால் கட்டி, மேலே ஜிப்சம் பலகை அடித்தது. அதில், கட்டிலுக்கு மேலே, பாரமான அலுமாரி ஒன்றைப் பூட்டக் காலையில் தச்சர் கலீலுர் றஹ்மான் வந்திருந்தார்.

“கீழ பிள்ளை படுக்கிறது, நானா. விழாதே?”

“வெறும் பலகையில பூட்டினா விழும், தங்கச்சி. நான் உள்ளுக்குக் கல்லில பூட்டுறன்.”

மூன்று போல்ட்டுகள் இறுகின. நான்காவதைப் பாதி முறுக்கியவர் சட்டென்று கையை எடுத்தார். போல்ட் நிற்காமல் சுழன்று உள்ளே போனது.

“என்ன நானா?”

“நான் முறுக்கல்ல, தங்கச்சி.”

ஸ்பானரைக் கொளுவிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஏலவில்லை. மற்ற மூன்றும் சுழலத் தொடங்கின. அலுமாரியின் மரம் முனகியது. சிவாஜினி கூடத்தில் தூங்கிய பிள்ளையை வாரிக்கொண்டு வீதிக்கு ஓடினாள். அவரும் சாமான்களை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

மத்தியானம் சீனன்குடாவில் வேலை செய்யும் கணவன் ரஜீவன் வந்து, தனியே உள்ளே போனான். பலகையில் ஒரு வெடிப்பும் இல்லை. ஒரு அடி ஆழமான அலுமாரி, நான்கு விரல் அளவுதான் சுவருக்கு வெளியே நின்றது. பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தான். அங்கே அந்தச் சுவரின் மறுபக்கம் எப்போதும்போல வெறுமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது மூன்று விரல் அளவுதான் வெளியே நின்றது.